"நான்தான் மறந்துட்டேன்"

கணவருக்கோ மனைவிக்கோ நினைவு தடுமாறத் தொடங்கும் முதல் ஆண்டுகளில் டெல்டா வீடுகளுக்குள் நடப்பது என்ன, செய்ய வேண்டியது என்ன?

சம்பா நடவு முடிந்த வயல். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வருகிறது. இரவு பதினொரு மணிக்கு இந்த வீட்டு முறை. அறுபத்தெட்டு வயதுக்காரர் டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாகப் போய் மடையைத் திறந்துவிட்டு வந்து படுக்கிறார். இரண்டு மணிக்கு அடைக்க வேண்டும். "அடைச்சாச்சாங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "அப்பவே அடைச்சாச்சு" என்று பதில் வருகிறது. விடிந்து பார்த்தால், தண்ணீர் வயலை நிரப்பி, வரப்பை அரித்து, கீழ்வயலுக்குள் பாய்ந்து கிடக்கிறது. கீழ்வயல்காரர் முந்தின நாள்தான் யூரியா போட்டிருந்தார். அத்தனையும் கரைந்து வடிகாலோடு போய்விட்டது. அவர் வாசலில் வந்து நின்று சத்தம் போடுகிறார். கணவர் திகைத்து நிற்கிறார். மடையைத் திறந்ததே அவர் நினைவில் இல்லை. மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வருகிறார்: "கோவிச்சுக்காதீங்க தம்பி. நான் போய் அடைக்கிறேன்னு சொல்லியிருந்தேன். நான்தான் மறந்துட்டேன்."

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று காவிரித் தண்ணீர் பாயும் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சி இது. மனைவி சொன்ன அந்த வார்த்தையில் அன்பு இருக்கிறது, கணவரின் மானத்தைக் காக்கும் வேகம் இருக்கிறது. கூடவே, வரப்போகும் ஒன்றிரண்டு ஆண்டுகளை இருட்டில் தள்ளிவிடும் ஆபத்தும் இருக்கிறது. மருத்துவத்தாலும் சட்டத்தாலும் குடும்பத்தாலும் அதிகம் செய்ய முடிகிற காலம் அந்த முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள்தான்.

எது வயது, எது நோய்

மூக்குக் கண்ணாடியைத் தேடுவது, தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியில் நின்று அரை மணி கழித்து வருவது, இவையெல்லாம் வயதோடு வருபவை. நேற்றுப் போய்வந்த கல்யாணத்துக்குப் போகவே இல்லை என்று சாதிப்பதும், நாற்பது ஆண்டுகளாகப் போய்வந்த களத்துமேட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் நிற்பதும் வேறு வகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. அதை மருத்துவர்கள் லேசான அறிவாற்றல் குறைபாடு என்கிறார்கள். நினைவு வயதுக்கு மீறிக் குறைந்திருக்கும், ஆனாலும் அன்றாட வேலைகளை ஆள் தானாகவே சமாளித்துக்கொள்வார். இந்த நிலையில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் சில ஆண்டுகளில் டிமென்ஷியாவுக்குள் போகிறார்கள். ஒரு பகுதியினர் அப்படியே இருக்கிறார்கள். சிலர் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதும் உண்டு.

டிமென்ஷியா என்பது பல நோய்களுக்கான பொதுப் பெயர். அதிகம் காணப்படுவது அல்சைமர், மெல்ல மெல்ல இறங்குவது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது பெரும்பாலும் படிப்படியாக இறங்கும்: ஒரு நாள் திடீரென்று ஒரு படி, பிறகு சில மாதங்கள் அப்படியே, மறுபடி ஒரு படி. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்த வகை அதிகம் வருகிறது. வேறொரு வகையில் மறதி பின்னால்தான் வரும், குணமாற்றம் முந்திக்கொள்ளும். சாதுவாக இருந்தவர் பந்தியில் கூசாமல் கெட்ட வார்த்தை பேசுவார், சிக்கனக்காரர் கைக்காசை வாரி இறைப்பார்.

அல்சைமர் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பதும் ஒரு கணவன் மனைவி கதைதான். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ரயில்வே குமாஸ்தா ஒருவர், 51 வயதான தன் மனைவி அகஸ்டே டெட்டரை 1901 நவம்பரில் மனநல மருத்துவமனைக்குக் கூட்டி வந்தார். அந்தப் பெண்மணியிடம் முதலில் தென்பட்ட மாற்றம் மறதியாகக்கூடத் தெரியவில்லை. கணவர் மேல் காரணமில்லாத சந்தேகமாகத் தெரிந்தது. பிறகு சமையல் தடுமாறியது, பொருள்களை ஒளித்து வைக்கும் பழக்கம் வந்தது. அவரைப் பரிசோதித்தவர் அலாய்ஸ் அல்சைமர். 1906 ஏப்ரலில் அகஸ்டே இறந்த பின் அவருடைய மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் டியூபிங்கன் நகரில் தன் முடிவுகளை அல்சைமர் எடுத்துரைத்தார். 1910ல் அந்த நோய்க்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மாற்றத்தை முதலில் உணர்ந்தவர் வாழ்க்கைத் துணை. அன்றும் அப்படி, இன்றும் அப்படி.

【பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது】

*இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தில் 5.3 சதவீதம் என்றால் கிராமத்தில் 8.4 சதவீதம். ஆண்களில் 5.8, பெண்களில் 9 சதவீதம். தமிழகத்தின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021ல் 13.6 சதவீதம் என்பது அரசு கணிப்பு. 2031ல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது அதே கணிப்பு. ஆக, கிராமத்து வயதான பெண்தான் இந்த நோயின் முகம். மருத்துவமனை வாசலுக்குக் கடைசியாக வந்து சேருபவரும் பெரும்பாலும் அவரே.*

"வயசாச்சுல்ல" என்ற மூடி

ஆணின் மறதி வெளியே தெரிந்துவிடும். அவர் வேலை ஊர்ப் பார்வையில் நடக்கிறது. மடை, மோட்டார் கொட்டகை, கூட்டுறவுச் சங்கக் கடன், கொள்முதல் நிலையத்தில் மூட்டைக் கணக்கு, ஆள்கூலி என்று எங்காவது ஓரிடத்தில் பிசகு தட்டுப்பட்டே தீரும். அந்த இடத்தில் மனைவி நுழைந்து ஈடுகட்டுகிறார். கூலி கொடுத்தாரா என்று நடவு ஆட்களிடம் தனியாக விசாரிக்கிறார். டீக்கடையில் இரண்டு தரம் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கி வருகிறார். விருந்தாளி வந்தால் பெயரைத் தானே முந்திக்கொண்டு சொல்கிறார்: "பாருங்க, பாபநாசத்து மாமா வந்திருக்காங்க."

பெண்ணின் மறதி அடுப்படிக்குள்ளேயே அடங்கிப்போகிறது. குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுகிறது. பால் பொங்கி அடுப்பு அணைகிறது. மார்கழியில் புள்ளி வைத்துப் போட்ட பெரிய கோலம் சிறுத்து, இழை சேராமல் நிற்கிறது. கணவர் இதை நோயாகப் பார்ப்பதில்லை. "சமையல்ல முந்தி மாதிரி ருசி இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார், அல்லது கோபப்படுகிறார். மருமகள் இருக்கும் வீட்டில் அடுப்படி கைமாறியதும் அறிகுறியும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. மாமியாருக்கு ஓய்வு கிடைத்ததாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆணின் பிசகு வயலில் தெரிகிறது, பெண்ணின் பிசகு திட்டில் முடிகிறது. இந்த வித்தியாசத்தை மருத்துவர்களும் குடும்பங்களும் இன்னும் போதுமான அளவு கவனிக்கவில்லை.

பிள்ளைகளுக்கும் தெரிவதில்லை. மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பத்து நிமிடம் அப்பா நன்றாகத்தான் பேசுகிறார். "சாப்பிட்டியா, மழை உண்டா, பேரன் என்ன பண்றான்" என்ற பழகிய பேச்சு நெடுநாள் கலையாமல் நிற்பது இந்த நோயின் இயல்பு. அன்றாடம் இருபத்து நான்கு மணி நேரமும் பார்க்கும் அம்மா சொல்வதை, பத்து நிமிடம் பார்த்த பிள்ளை நம்ப மறுக்கிறார். "நீதாம்மா பெரிசு பண்றே" என்ற சொல் அந்தத் தாயின் வாயை இன்னும் ஆறு மாதத்துக்கு அடைத்துவிடும். பிள்ளைகள் செய்யக்கூடிய முதல் உதவி, நாலு நாள் வந்து தங்கிப் பார்ப்பது.

【பெட்டிச் செய்தி: திருப்பக்கூடிய மறதி】

*மறதியோடு வருபவர் எல்லோருக்கும் டிமென்ஷியா இருப்பதில்லை. வைட்டமின் பி12 குறைவு மறதியைத் தரும். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கும் இது வரலாம். தைராய்டு குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோவது, மனச்சோர்வு, குடிப்பழக்கம் ஆகியவையும் காரணமாகலாம். தூக்க மாத்திரையும், சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும் முதியவர்களின் நினைவைக் குழப்பும். மொபெட்டிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கு, சில வாரங்கள் கழித்து மூளையைச் சுற்றி ரத்தம் கட்டுவதும் மறதியாகத் தெரியும். அதை அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யலாம். காது மந்தமானவர் கேட்காததாலேயே பதில் தவறிச் சொல்லியிருக்கலாம். குழப்பம் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று வந்தால் அது அவசரம்: தொற்றோ பக்கவாதமோ இருக்கலாம். 108ஐ அழைக்க வேண்டும்.*

மருத்துவரிடம் போகும் நாள்

"ஞாபக மறதிக்கு டாக்டரைப் பார்ப்போம்" என்றால் பெரும்பாலானவர்கள் கிளம்ப மாட்டார்கள். "எனக்குப் பிரஷர் பார்க்கணும், கூட வாங்க" என்றால் வருவார்கள். இது ஏமாற்று என்று மனைவி நெஞ்சு உறுத்த வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் அழுத்தமும் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு எழுதி வாங்கிப் போகலாம். மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் பதற வேண்டாம். மறதி நோயைக் கவனிப்பதில் நரம்பியலுக்கு இருக்கும் இடம் மனநலத்துக்கும் உண்டு. மனநலச் சேவை இந்தப் பகுதிக்குப் புதிதும் இல்லை: மாவட்ட மனநலத் திட்டம் 1996ல் நாட்டில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று பக்கத்துத் திருச்சி.

மருத்துவருக்கு மிகவும் பயன்படுவது மனைவி கையில் இருக்கும் நாற்பது பக்க நோட்டு. தேதி போட்டு, என்ன நடந்தது என்று ஒரு வரி. "புரட்டாசி 3ம் தேதி மடையை அடைக்கவில்லை." "தீபாவளிக்குத் துணி எடுத்ததை மறுநாள் மறந்தார்." மூன்று மாதம் இப்படி எழுதினால் நோய் எந்த வேகத்தில் நகர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். நோயாளியின் எதிரிலேயே குறைகளை அடுக்குவது அவரைக் கூனிக்குறுக வைக்கும். நோட்டை மருத்துவரிடம் நீட்டிவிட்டால் போதும்.

பரிசோதனைக் கேள்விகளில் ஒரு சிக்கல் உண்டு. மேலைநாட்டில் உருவான வினாத்தாள்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கானவை. பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டி படம் வரையச் சொன்னால் திணறுவார். இன்று என்ன தேதி என்றால் தெரியாது என்பார். ஆனால் ஆவணி பிறந்து எத்தனை நாள், இன்று என்ன கிழமை, அமாவாசை எப்போது என்று கேட்டால் துல்லியமாகச் சொல்வார். வளரும் நாடுகளில் டிமென்ஷியாவை ஆராய 1998ல் தொடங்கிய '10/66' குழு, படிப்பறிவால் தீர்ப்பு மாறாத முறையை உருவாக்கியது. சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் அந்த ஆய்வின் களங்களாக இருந்தன. ஆகவே "இவங்க தேதியைத் தமிழ் மாசத்துலதான் சொல்வாங்க டாக்டர்" என்று துணை எடுத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

மாத்திரைகள் பற்றி நேராகச் சொல்லிவிடலாம். டோனபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் முதலியவை சிலருக்குச் சில காலம் தெளிவைக் கூட்டும். நோயை நிறுத்தாது. பசி குறைவு, வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு மெதுவாவது ஆகியவை வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2023ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப் ஊசி ஆரம்ப நிலையில் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது. ஆனால் மூளையில் ரத்தக்கசிவு வருகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் பார்த்தாக வேண்டிய மருந்து அது. மறதியை வேரோடு போக்குவதாக விளம்பரப்படுத்தும் லேகியங்களுக்கு நகையை அடகு வைக்க வேண்டாம். லான்செட் மருத்துவ இதழ் ஆணையத்தின் 2024 அறிக்கை 14 காரணங்களைச் சொல்லி, அவற்றைக் கவனித்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது, கண், புகை, மது, தனிமை எல்லாம் அதில் வருகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலில் தரும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை விடாமல் சாப்பிட வைப்பதும் மூளைக்கான மருத்துவம்தான்.

ஒரே கேள்வி, இருபது தடவை

"மேட்டூர் திறந்தாச்சா?"

வைகாசி முடியும்போது டெல்டாவில் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி. ஜூன் 12 அணை திறக்கும் நாள் என்பது குறுவைக்காரரின் ரத்தத்தில் ஊறியது. மறதி வந்தவர் அதை ஐப்பசியிலும் கேட்பார், காலையிலிருந்து இருபது தடவை கேட்பார். "இப்பத்தானே சொன்னேன்" என்பது அவர் காதில் திட்டாக மட்டும் விழும். சொன்னது பதியவே இல்லை, அதனால் நினைவூட்டவும் ஏதும் இல்லை. "திறந்தாச்சுங்க, தண்ணி கல்லணை தாண்டிருச்சு" என்று அதே குரலில் இருபதாவது தடவையும் சொல்லலாம். கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலை அணையைப் பற்றியது மட்டும் கிடையாது. தன் பொறுப்பு ஏதோ பாக்கி நிற்கிறது என்ற தவிப்பும் அதில் உண்டு. கையைப் பிடித்து வயல் வரை நடத்திக் கூட்டிப்போய், பயிர் நிற்பதைக் காட்டினால் சில வேளை அன்றைக்குக் கேள்வி அடங்கும்.

பார்க்க வருபவர்கள் செய்யும் கொடுமை ஒன்று இருக்கிறது. முகத்துக்கு நேரே குனிந்து, "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பார்கள். தோற்கப்போகிற பரீட்சை அது. வாசலிலேயே அவர்களிடம் துணை சொல்லிவிடலாம்: உள்ளே போனதும் நீங்களே உங்கள் பேரைச் சொல்லிப் பேச ஆரம்பியுங்கள்.

திருட்டுப் பழி வரும். மோதிரத்தைத் தானே அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, மனைவி எடுத்துப் பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்வார். ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவரிடமிருந்து வரும் இந்தச் சொல் தரும் வலிக்கு மருந்து இல்லை. நடத்தையைச் சந்தேகித்துப் பேசுவதும் உண்டு, அகஸ்டே டெட்டர் கணவரிடம் பேசியதைப் போலவே. பேசுவது நோய் என்று தெரிந்தாலும் அன்றிரவு தூக்கம் வராது. வாதாடுவதால் பயன் இல்லை. "வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்பதே நடக்கிற வழி. பழி சுமப்பவர் மருமகளாகவோ வீட்டுவேலை செய்பவராகவோ இருந்தால், அவர் மேல் தவறில்லை என்பதை வீட்டார் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

விளக்கு வைக்கும் நேரம் கடினமானது. சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக் கிளம்புவார். அவர் தேடுவது பெரும்பாலும் அம்மா இருந்த பழைய வீடு. "இதுதான் நம்ம வீடு" என்று கதவைச் சாத்தினால் மல்லுக்கு நிற்பார். கூடவே தெருக்கோடி வரை நடந்து, பிள்ளையார் கோயிலில் விபூதி பூசி, "நேரமாச்சு, சாப்பிட்டுட்டுப் போவோம்" என்று திரும்பினால் வந்துவிடுவார். பகலில் வெயில் படும்படி உட்காருவதும், மதியத் தூக்கத்தைக் குறைப்பதும், மாலையில் விளக்குகளை முன்கூட்டியே போடுவதும் உதவும்.

வேலையை மொத்தமாகப் பிடுங்கிவிடக் கூடாது. கணக்குப் போனாலும் கை மறக்காது. நாற்று முடி கட்டுவது, கயிறு திரிப்பது, பூத்தொடுப்பது, புளியில் கொட்டை எடுப்பது, முறத்தில் புடைப்பது, இவையெல்லாம் பேச்சு தடுமாறிய பின்னும் நிற்கும். பாட்டும் அப்படித்தான். மகள் பெயர் வராத பாட்டிக்கு நடவுப் பாட்டின் அடி தானாக வரும். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி கேட்டால் உதடு அசையும். பாடத் தொடங்கினால் அந்த அரை மணி நேரம் வீட்டில் எல்லோருக்கும் பழைய ஆள் திரும்பக் கிடைக்கிறார்.

【பெட்டிச் செய்தி: வயல் வீட்டின் ஆபத்துகள்】

*டெல்டா வீட்டில் முதலில் பூட்டி வைக்க வேண்டியது பூச்சிமருந்து. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் மறதி உள்ள வீட்டில் உயிரைப் பறிக்கும். மோட்டார் கொட்டகைச் சாவி, அரிவாள், எலிமருந்து அடுத்து. கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை இரவில் அணைத்துவிட வேண்டும். வழி தவறிப் போகும் ஆளுக்கு இந்தப் பகுதியில் பெரிய ஆபத்து தண்ணீர்: வாய்க்கால், குளம், மூடாத கிணறு. சட்டைப் பையில் பெயரும் போன் எண்ணும் எழுதிய அட்டை இருக்கட்டும். டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், கீழ்வயல்காரர் ஆகிய நாலு பேருக்கு விஷயம் தெரிந்திருப்பது எந்தப் பூட்டையும் விடப் பலம்.*

பட்டா, கையெழுத்து, கைநாட்டு

பட்டா கணவர் பேரில். கூட்டுறவுச் சங்கக் கடன் அவர் பேரில். நெல் போட்ட பணம் ஏறும் வங்கிக் கணக்கும் அவர் பேரில் மட்டும். குத்தகைக்கு விட்ட நிலத்தின் கணக்கோ எந்தத் தாளிலும் இல்லை, அவர் தலைக்குள் இருக்கிறது. நினைவு போகும்போது இத்தனையும் சேர்ந்து போகிறது. மருத்துவச் செலவைவிட இதனால் நொடிந்துபோகும் வாய்ப்பு சிறு விவசாயக் குடும்பத்துக்கு அதிகம்.

தெளிவு இருக்கும்போதே கணவனும் மனைவியும் ஒரு மதியம் உட்கார்ந்து எழுத வேண்டியவை: யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடம் வர வேண்டும், எந்த வயல் யாரிடம் குத்தகையில், நகை எந்த வங்கியில், பத்திரம் எந்தப் பெட்டியில். வங்கிக் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள ஒரு நடை போதும். பிறகு செய்வதென்றால் பல மாதம் அலைய வேண்டும்.

பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 1872ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201வது பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவரின் மனநிலை பிறழ்ந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. தேவைப்படும் நேரத்தில் செல்லாமல் போகும் தாள் அது. உயில் வேறு. எழுதும் நேரத்தில் மனத் தெளிவு இருந்தால் உயில் செல்லும், நோய் தொடங்கிவிட்டது என்பதாலேயே அது செல்லாததாகாது. பதிவு செய்யும் நாளில் மருத்துவரிடம் தெளிவுச் சான்று வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் பங்காளிகள் வழக்குப் போடும்போது கைகொடுக்கும். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: மறதி வந்தவரைக் காரில் ஏற்றிப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இறக்கிக் கைநாட்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் உறவுக்காரர்களே.

ஒன்றும் எழுதாமல் நினைவு போய்விட்டால்? 2017ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை முடிவுகளுக்கு ஒரு பிரதிநிதியை நியமிக்க வழி செய்கிறது, சொத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த இடைவெளியில் சிக்கிய ஒரு மனைவியின் வழக்கு 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. அவர் கணவர் கோமாவில் இருந்தார். சிகிச்சைக்கும் குடும்பச் செலவுக்கும் கணவரின் சொத்தை விற்க அனுமதி கேட்டிருந்தார். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்ன முந்தைய தீர்ப்பை இரு நீதிபதிகள் அமர்வு மாற்றி, மனைவியையே காப்பாளராக நியமித்தது. கோமாவும் டிமென்ஷியாவும் ஒன்றாகிவிடாது என்றாலும், மனைவியைக் காப்பாளராக ஏற்கும் வாசல் அதில் திறந்திருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

பார்த்துக்கொள்பவரின் உடம்பு

இரவில் மூன்று தரம் எழுந்து பார்ப்பவருக்கும் பிரஷர் இருக்கிறது, மூட்டுவலி இருக்கிறது. அவருடைய மாத்திரைதான் முதலில் தவறும். கோயில், கல்யாணம், துக்கம் என்று வெளியே போவது ஒவ்வொன்றாக நிற்கும். பேச்சுத் துணைக்கு இருந்த ஒரே ஆளும் எதிரில் உட்கார்ந்தபடியே தொலைந்துகொண்டிருப்பார். இந்தத் துக்கத்துக்குக் கேதம் கேட்க ஆள் வருவதில்லை. எரிச்சலில் ஒரு நாள் கை ஓங்கியவர்கள் உண்டு, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் அழுதவர்களும் உண்டு. அந்த இடத்துக்கு வந்துவிட்டவருக்குத் தேவை ஓய்வு, கண்டிப்பு உதவாது.

மனைவிக்கு நோய் வந்து கணவர் பார்த்துக்கொள்ளும் வீட்டில் வேறு கஷ்டம். எழுபது வயதில் அவர் முதல்முறையாக உலை வைக்கக் கற்கிறார், மனைவிக்குப் புடவை கட்டிவிடவும் தலை பின்னிவிடவும் கற்கிறார். ஊர் இதை இரக்கத்தோடு வேடிக்கை பார்க்கும். அவருக்குத் தேவை அக்கம்பக்கத்துப் பெண்கள் பக்குவமாகச் சொல்லித் தரும் நாலு விஷயம்.

மாதத்தில் சில நாளாவது வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகள் முறை வைத்து வரலாம். தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த ஊருக்கு இது புதிது இல்லை. பகல்நேரப் பராமரிப்பு மையங்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் பெரும்பாலும் பெருநகரங்களில்தான். சென்னையில் ஸ்கார்ப் அமைப்பு மறதி நோய்க்கென்று தனிப் பிரிவு நடத்துகிறது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. தஞ்சாவூரிலிருந்து கிண்டி முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். மாவட்டத்துக்கு ஒரு பகல்நேர மையம் என்பது இந்தப் பகுதி கேட்டு வாங்க வேண்டிய ஒன்று. அதுவரை, மனம் உடையும் இரவுக்கு 14416 என்ற மனநல எண்ணும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் இருக்கின்றன. இரண்டும் கட்டணமற்றவை.

பிந்தைய ஆண்டுகள்

நோய் முற்றும்போது நடை தளரும், சிறுநீர் கட்டுப்படாது, ஆட்களைத் தெரியாமல் போகும். படுக்கையில் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் வரும். விழுங்குவது தடுமாறும். கஞ்சியைக் குழைவாக, உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் என்று ஊட்ட வேண்டும். புரையேறிச் சளி கட்டுவதே இந்தக் கட்டத்தில் அடிக்கடி உயிரை வாங்குகிறது. மூக்குக் குழாய் போடலாமா என்ற கேள்வி எழும். நோய் மிக முற்றியவர்களுக்குக் குழாய் ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணம் இல்லை. கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். வீட்டுக்கு வந்து படுக்கைப் புண்ணையும் வலியையும் கவனிக்கும் செவிலியர், இயன்முறை மருத்துவர் சேவை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உண்டு. கேட்டுப் பெற வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குழாயோடு கிடப்பதா, வீட்டுக் கூடத்தில் மனிதர்கள் சுற்றியிருக்க அடங்குவதா என்பதை அப்போது அவரிடம் கேட்க முடியாது. கேட்க முடிகிற காலத்தில் கேட்டு எழுதி வைப்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டெட் அதிகாரி ஒருவரின் கையொப்பம் இருந்தால் போதும். மறதி லேசாக இருக்கும் முதல் ஆண்டில், மடையை யார் மறந்தது என்று மறைக்காமல் பேசத் தொடங்கிய வீட்டில், இந்தப் பேச்சையும் ஒரு மதியம் பேசி முடித்துவிட முடிகிறது. அந்தத் தாளின் ஒரு நகல் பட்டாவோடு பெட்டியில் இருக்க வேண்டும், இன்னொன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம்.